எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கம்பெனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், பெயிண்ட் டப்பாவும் வாளியும் வார்க்கும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி அது. டைம் ஆபீசில் வேலைக்குச் சேர வந்திருந்தேன். கேட்டில் இருந்த அந்தக் காவல்காரர் என் கடிதத்தை வாங்கினார். பையைத் திறக்கச் சொல்லி உள்ளே கைவிட்டுத் துழாவினார். நோட்டில் கையெழுத்து வாங்கினார். இவ்வளவையும் செய்து முடிக்கும்வரை ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கண் ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்தது. அப்படி என்ன இருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். வேலிகாத்தான் முள் மரம். கண் போகிற தூரத்துக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

எல்லோரும் அவரை நைனா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் அப்பா வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் தோள் இரண்டு பக்கமும் கீழே வழிந்திருக்கும். டைம் ஆபீஸ் ஜன்னலை ஒட்டியே அவர் நாற்காலி. நாலு வருடம் நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமுமாக வேலை பார்த்தோம். பக்கவாட்டில் பார்த்த அவருடைய காதும் தாடையும்தான் எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவில் இருக்கின்றன. நேர்முகம் அவ்வளவு தெளிவாக வருவதில்லை.

மேனேஜருக்கு அவர் உட்காரும் விதம் பிடிக்காது.

"செக்யூரிட்டின்னா உள்ளேயிருந்து என்ன வெளிய போவுதுன்னு பாக்கணும். நீ இன்னாய்யா, நாள் முழுக்க ரோட்டையே பாத்துக்கினு இருக்க?"

"பாத்துக்கினுதான் சார் இருக்கேன்" என்று எழுந்து நாற்காலியை உள்பக்கம் திருப்பிப் போடுவார். மேனேஜர் படியேறி மறைந்ததும் மறுபடி வெளிப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனாலும் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவர் இருந்த காலத்தில் கம்பெனியிலிருந்து ஒரு திருகாணிகூடக் காணாமல் போனதில்லை.

எதிர்ப்பக்கம் யாராவது ரோட்டை விட்டுக் காலை இறக்கினால் போதும், தடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். லோடு ஏற்றக் காத்திருக்கும் லாரி டிரைவர்கள் ஒதுங்கப் போவார்கள். மேய்ப்பவர்கள் ஆட்டை விரட்டிக்கொண்டு வருவார்கள். பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கே நடந்தால் பத்து நிமிடம் மிச்சம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஒருவரையும் விடமாட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம் வைத்திருந்தார். டிரைவர்களிடம், "நேத்துதான் ஒருத்தனை போலீஸ் புடிச்சிக்கினு போனான்" என்பார். எங்களைப் போன்ற பெண்களிடம், "உள்ள குடிக்கறவனுங்க இருக்கானுங்க மா" என்பார். ஆட்டுக்காரரிடம் கண்ணாடி விரியன். சாமி பக்தி உள்ள ஆளாக இருந்தால், "அங்க ஒரு அம்மன் இருக்கு, செருப்புக் காலோட போனா தாங்காது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். தமிழ் தெரியாத வடக்கத்தித் தொழிலாளர்களுக்குக் கையைப் படமாக விரித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். ஒரு ஆளைப் பார்த்த நிமிடத்தில் அவர் எதற்குப் பயப்படுவார் என்று நைனாவுக்குத் தெரிந்துவிடும்.

நான் எதற்குப் பயப்படுவேன் என்றும் கண்டுபிடித்துவிட்டார். முதல் வாரமே சொன்னார்.

"சாயங்காலம் பஸ்ஸுக்குப் போறப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கமாவே நட மா. அந்தப் பக்கம் போனா பேரு சொல்லிக் கூப்புடற மாதிரி இருக்கும். திரும்பாத."

சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் காற்றே இல்லாமல் ஏதோ ஒரு கிளை மட்டும் ஆடியபோது, என் கால் தானாக வேகம் பிடித்தது. அதன்பின் நாலு வருடமும் நான் இந்தப் பக்கமாகத்தான் நடந்தேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு மழை நாளில் கேட்டேன். "அப்படி என்னதான் நைனா அங்க பாக்கறீங்க?"

"அது என்னுது மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னுதா இருந்துச்சி" என்றார்.

ஒன்றரை ஏக்கர். அப்பா காலத்து நிலம். அதை ஒட்டி அந்தப் பக்கம் அவருடைய அக்காவின் பங்கு. நெல்லும், தண்ணீர் குறைந்தால் வேர்க்கடலையும் போட்டார்கள்.

"வித்துட்டீங்களா?"

"வித்தது அப்புறம். மொதல்ல வுட்டுட்டேன்."

ஏன் விட்டார் என்பதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. மழை பெய்யும்போது கொஞ்சம், லாரி வராத மத்தியானத்தில் கொஞ்சம் என்று சொன்னார். லாரிகளுக்காக ரோட்டை உயர்த்தியபோது அதற்கு அடியில் ஏரித் தண்ணீர் போன குழாய் மண்ணில் புதைந்துவிட்டது. மனு கொடுத்தார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சரி, கிணறு இருக்கிறது என்று மோட்டாரை நம்பினார். இரண்டு வருடத்தில் கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி ஏதோ மிதக்க ஆரம்பித்தது. எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாற்று பழுத்துப் போயிற்று. இதற்குள் நடவுக்கு வந்துகொண்டிருந்த பெண்களெல்லாம் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள்.

"ஆள் கூப்பிடப் போனா தெருவே பூட்டிக் கெடக்குது மா. அவங்களச் சொல்லி என்னா இருக்குது. என் பொண்ணே அந்த வேன்லதான் போச்சி. நெழல்ல வேலை. மாசம் பொறந்தா சம்பளம்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு நவரைப் பட்டம் சும்மா வுடலாம்னு பாத்தேன். நெலமும் ஓஞ்சி கெடக்கட்டும், நானும் ஓஞ்சி கெடக்கறேன்னு நெனச்சேன். அதுக்கு ஓய்வுன்னு ஒண்ணு இல்ல மா. அது எனக்குத் தெரியாமப் பூடுச்சி."

முதல் மழைக்குக் கோரையும் அருகும் வந்தனவாம். அது சரிதான், உழுதால் போய்விடும் என்று விட்டார். மறு வருடம் வரப்பெல்லாம் பார்த்தீனியம், வெள்ளைப் பூவோடு இடுப்பு உயரத்துக்கு. உள்ளே நின்றால் தும்மல் நிற்காது, கை கால் தடித்துக்கொள்ளும். எருக்கும் ஊமத்தையும் அதன் இடுக்கில் வந்தன. மூன்றாம் வருடம் ஆடுகள் வந்தன. எங்கோ வேலிகாத்தான் காயைத் தின்றுவிட்டு இங்கே வந்து புழுக்கை போட்டன. ஒவ்வொரு புழுக்கையிலும் ஒரு முள் செடி முளைத்தது. "நான் வெதைக்காத நெலத்தை அதுங்க வெதைச்சிதுங்க மா. ஒண்ணுகூடப் பொய்க்கல." செடி மரமாகி, மரம் மரத்தோடு கைகோத்து, வெயில் தரையில் விழாமல் போனது. வரப்பு எலி வளையால் பொதபொதத்துக் கரைந்தது. பிறகு பன்றிகள் வந்தன. கடைசியில் மயில் வந்தது. கம்பெனிப் பெண்கள் செல்போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுவார்கள். நைனா மட்டும், "மயிலு சும்மா வராது. அதுக்குத் தின்ன உள்ள ஏதோ நெறைய இருக்கு" என்பார்.

சொந்த நிலத்தைப் பற்றிச் சொல்கிற மனிதர் இவ்வளவு பயத்தோடு சொல்வதை நான் கேட்டதில்லை. ஒருமுறை, "நீங்க உள்ள போயே பல வருஷம் ஆச்சா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அக்காவை நான் பார்த்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரோட்டு வழியாக ஒரு அம்மாள் வேகமாக வந்தார். கை நிறைய நெற்கதிர். கேட்டுக்கு வந்ததும் அதை நைனாவின் மடியில் போட்டார். கதிர்கள் எல்லாம் பாதியில் கத்தரிக்கப்பட்டிருந்தன.

"எட்டு நாள்ல அறுக்க வேண்டியதுடா. பாரு. உன் காட்லேருந்துதான் வருது. எலியும் உன்னுது, பன்னியும் உன்னுது. ராவெல்லாம் தகரம் தட்டிக்கினு நான் ஒருத்தி எத்தினி நாளுக்குக் குந்துவேன்?"

நைனா மடியில் கிடந்த கதிர்களை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினார்.

"நீ ஒருத்தன் வுட்ட. உன் பக்கத்துக்காரன் வுட்டான். அவனுக்குப் பக்கத்துல இருக்கறவன் வுட்டான். நடுவுல நான் மட்டும் பயிரு வெச்சா இந்த ஊரு எலி மொத்தமும் எனக்குத்தாண்டா."

நைனா அப்போது தலையைத் தூக்கி ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த வழியா வந்த க்கா?"

"ரோட்டு வழியாதான். வேற வழி எங்க வெச்சிருக்க?"

அவர் மூச்சு விட்டதை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் கேட்டேன். விளைந்த பயிர் போனவளிடம் வழியைப் பற்றிக் கேட்கிறாரே, என்ன மனிதர் இவர் என்று எனக்கு அன்று கசப்பாக இருந்தது.

அந்த வருடத்தோடு அக்காவும் நிலத்தை விட்டுவிட்டார். அடுத்த மழைக்கு அவர் பக்கத்துக் கோரையும் இவர் பக்கத்து முள்ளும் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. அக்கா எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் சாயங்காலம் தம்பி முன்னால் வந்து நின்று பையைத் திறந்து காட்டுவார். தம்பி பார்க்காமலே கைவிட்டுத் துழாவி, போகலாம் என்று தலையசைப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நிலத்தை வாங்கியவர் சென்னைக்காரர். என் காலத்தில் ஒரே ஒருமுறை வந்தார். வெள்ளைக் கார், ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. எல்லைக் கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போக வழியில்லை என்று தெரிந்ததும், விலை ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கண்ணாடியை ஏற்றப் போனார். நைனா ஓடிப்போய்க் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வேலி ஏதாச்சும் போடுவீங்களா?"

"ஏன், யாராவது உள்ள வர்றாங்களா?"

நைனாவின் வாய் திறந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இல்ல சார், சும்மாதான்" என்று கையை எடுத்துவிட்டார். கார் போயிற்று. மறுபடி வரவில்லை.

இப்படியே போயிருக்கும், ஆடிட் வராமல் இருந்திருந்தால்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், எங்களிடம் டப்பா வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். மேனேஜர் நைனாவுக்குப் புதுச் சீருடை கொடுத்து, நாற்காலியைத் தானே உள்பக்கம் திருப்பிப் போட்டார். "இன்னிக்கு ஒரு நாள் இப்படி உக்காருய்யா. அவங்க மாடி ஜன்னல்லேருந்து பாத்துக்கினே இருப்பாங்க." நைனா உட்கார்ந்தார். கழுத்து மட்டும் ரோட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அன்று காலையிலிருந்து அவர் நாஷ்டாகூடச் சாப்பிடவில்லை.

ஷிப்ட் முடிந்த இரண்டு மணிக்கு மேல், ஒடிசாத் தொழிலாளி ஒருவர் ரோட்டைக் கடந்து ஓடி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் முள் கீறிய ரத்தம். "குவா, குவா" என்றார். மூச்சு வாங்கியது. "பாய் கிர் கயா."

அவர்களோடு பழகிய நாலு வருடத்தில் எனக்குக் கொஞ்சம் இந்தி வந்திருந்தது. "கிணறுன்னு சொல்றாரு. கூட வந்தவர் விழுந்துட்டாராம்" என்றேன். தங்கியிருந்த கொட்டகையில் சிலிண்டர் தீர்ந்துபோய், இரண்டு பேரும் விறகு பொறுக்கப் போயிருக்கிறார்கள்.

நைனா எழுந்தார். அவர் முகத்தை நேராகப் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. அதில் ரத்தமே இல்லை.

மேனேஜர் வந்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போயிற்று. அவர்கள் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்றார் மேனேஜர். நைனா அதற்குள் குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், முள்ளுய்யா."

"ஷூ போட்டா வரப்பு தெரியாது சார்." என்னைப் பார்த்தார். "நீயும் வா மா. அந்தாளுகூடப் பேச ஒரு ஆளு வேணும். என் கால் வெச்ச எடத்துல மட்டும் கால் வை."

லோடிங் பிரிவிலிருந்து இரண்டு பேர் கயிறும், சுமை தூக்கும் பெல்ட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

ரோட்டிலிருந்து இறங்கிய பத்தாவது அடியில் வெயில் அணைந்தது. மேலே கிளைகள் பின்னிக் கிடந்தன. லாரிச் சத்தமும் மெஷின் சத்தமும் திடீரென்று தூரத்துக்குப் போய்விட்டன. காலடியில் தரை இருக்கிறதா, வெறும் சருகா என்று தெரியவில்லை. நைனா ஒவ்வொரு அடியையும் வைத்து, விரல்களை ஊன்றி, நின்று, பிறகுதான் அடுத்த அடியை எடுத்தார். வாய்க்குள் பேசிக்கொண்டே போனார். "இது வாய்க்கா. இது நாத்தங்கால். இங்க ஒரு வேப்பம் மரம் இருக்கணும்." வேப்பமரம் இல்லை. நின்றுவிட்டார். வழி தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. எங்களைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் அடுத்த அடி வைத்தாலும் அந்தப் பக்கம் தரை இல்லாமல் இருக்கலாம்.

"அதை வெட்டிட்டாங்கடா, போன தேர்தலப்பவே. எடது பக்கம் போ."

பின்னால் அக்கா நின்றார். கேண்டீன் கத்தியைக் கையில் வைத்திருந்தார். அவர் எப்போது வந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நைனா திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பினார்.

அதன்பின் தூரம் அதிகம் இல்லை. நைனா கையை நீட்டி எங்களை நிறுத்தினார். என் கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஒரு புதர் மட்டுமே இருந்தது. அவர் தடியால் அதை விலக்கினார். கீழே ஒன்றும் இல்லை. கறுப்பு. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் நான் அதற்குள் இருந்திருப்பேன்.

அக்கா குனிந்து விளிம்பைப் பார்த்தார். "செவுரு எங்கடா?" என்றார். "இடுப்பு ஒசரத்துக்குக் கைப்புடி செவுரு இருந்துச்சேடா. அப்பா கட்டினது."

நைனா ஒரு காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டார். அது எரிந்துகொண்டே போய்த் தண்ணீரில் அணைந்தது. விஷக் காற்று இல்லை. அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தது. பழைய மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் அந்த மனிதர் நின்றிருந்தார். கையை விட்டுவிடாதே, ஆள் வருகிறார் என்று நான் இந்தியில் கத்தினேன். கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது.

லோடிங் ஆட்களில் ஒருவர், தான் இறங்குவதாகச் சொன்னார். நைனா மறுத்தார். சுவரில் படிக்கல் பதித்திருக்கிறது, எது எங்கே என்று தனக்குத்தான் தெரியும் என்றார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கால்களை இறக்கினார். ஒரு கல், இரண்டாவது கல். மூன்றாவது இடத்தில் கல் இல்லை. கால் வெறும் காற்றில் துழாவியது. மண் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. அக்கா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வேறொரு கல்லைக் கால் கண்டுபிடித்தது. பிறகு அவர் தலை இருட்டுக்குள் போய்விட்டது.

பெல்ட்டைப் போட்டு அந்த மனிதரை மேலே இழுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. தொடை எலும்பு உடைந்திருந்தது. விளிம்புக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். அதன் குளிர் முழங்கைவரை ஏறியது. தீயணைப்பு வண்டியின் சத்தம் அப்போதுதான் ரோட்டில் கேட்டது.

"நைனா, ஏறி வாங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கயிறு அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கீழே தண்ணீர் மட்டும் மெல்ல அலையடித்தது. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். மேலே வர விருப்பம் இல்லாமல் இருந்தார் என்றும் நினைக்கிறேன்.

அக்கா மண்டியிட்டு உள்ளே குனிந்தார். அதட்டவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், "வாடா மேல. நான் இருக்கேன், வா" என்றார். கயிறு அசைந்தது.

சாயங்காலம் கேட்டில் வைத்து விசாரணை நடந்தது. மேனேஜர் அறையிலிருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில் சப் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். நிலம் யாருடையது என்று கேட்டார். சென்னைக்காரர் பெயரைச் சொன்னார் மேனேஜர். அதோடு முடிந்திருக்கும். எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

"செவுத்தை எடுத்தது நான்தான் சார்" என்றார் நைனா. ஈரம் காயாத சீருடையோடு, காலில் முள் எடுக்காமல் நின்றிருந்தார்.

"எந்தச் செவுரு?"

"கெணத்துக் கைப்புடி செவுரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தப்புறம் எடுத்தேன். நெலம்தான் பூடுச்சி, செங்கல்லாச்சும் நம்மளுதா இருக்கட்டும்னு. பொண்ணு முழுகாம இருந்துச்சி சார். ஊட்ல பாத்ரூம் இல்ல. அதுக்கு நாலு பக்கமும் கட்டினேன்."

"எப்ப?"

"ஒம்பது வருஷம்."

ஒன்பது வருடம் என்றால் அவர் இந்தக் கேட்டில் வேலைக்குச் சேர்ந்த வருடம். பின்பக்கத்துக் கேட்டில் போட்ட ஆளை, முன்பக்கமே வேண்டும் என்று மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினார் என்று பழைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டமும், ஆளுக்கொரு பயமும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இத யார் உன்னைக் கேட்டா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "உன் மேல கேஸ் வரும், தெரியுதா?"

"தெரியும் சார்."

"ஒம்பது வருஷமா சொல்லாம இருந்துட்டு இன்னிக்கு ஏன்யா சொல்ற?"

"அன்னிக்கும் பயமா இருந்துச்சி சார். இன்னிக்கும் பயமாதான் இருக்கு. ஆனா கீழ நின்னு பாத்துட்டேன். அங்கேருந்து மேல பாத்தா வானம் கையளவுதான் தெரியுது."

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு, விறகு பொறுக்கப் போனவர் கால் தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனார். ஒடிசாக்காரர் கால் கட்டோடு ஊருக்கு ரயிலேறினார்.

மறுநாள் நைனா வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து சீருடையை மடித்து என் மேஜை மேல் வைத்தார்.

"ஏன் நைனா? ஒண்ணும் ஆவலையே. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"வேற கெணறுங்க இருக்கு மா உள்ள. நான் எடுத்தத பாத்துதான் மத்தவனுங்களும் எடுத்தானுங்க. எங்கக்கா நெலத்த வுட்டப்புறம் அது கெணத்துச் செவுத்தையும் பேத்துட்டேன்னு பேத்தவனே எங்கிட்ட சொன்னான். அது அக்காக்கே தெரியாது." ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போட்டார். "எது எது எங்க இருக்குன்னு இப்ப எனக்கே சரியாத் தெரியல. தேடணும்."

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகித் திருவள்ளூருக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரருக்குக் காக்களூரில் வேலை. மூன்று வருடம் கழித்து, பிஎஃப் காகிதம் ஒன்று வாங்க அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டி வந்தது. கேட்டில் வேறு ஆள். ரோட்டுக்கு எதிரே வேலிகாத்தான் இன்னும் உயர்ந்திருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தபோது அக்காவைப் பார்த்தேன். தூக்குச் சட்டியோடு ரோட்டோரம் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நைனா எப்படி இருக்காரு?"

"உள்ளதான் இருக்கான்" என்றார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவானாம். கிணறு ஒன்றைக் கண்டுபிடித்தால் முள்ளையே வெட்டிச் சுற்றிலும் அடைத்து, மேலே சிவப்புத் துணி கட்டுவானாம். இதுவரை ஏழு கிடைத்ததாம். மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது என்றார். அடைத்த முள் மக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டுமாம்.

காது கொடுத்தேன். மரங்களுக்குள் எங்கோ கத்தி விழுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, நிதானமாக. கையை வாயருகே குவித்து, "நைனா" என்று கூப்பிட்டேன். டைம் ஆபீசில் இருந்த பெண் வந்திருக்கிறேன் என்று கத்தினேன்.

"உள்ள வராத மா" என்று குரல் வந்தது. எந்தத் திசையிலிருந்து என்று பிடிபடவில்லை. "அங்கயே நில்லு. வரேன்."

சத்தம் நின்றது. சருகு நெரியும் ஓசை கொஞ்சம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி போயிற்று. அது போன பிறகும் உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அது போயிற்று.

"எப்பவும் இப்படித்தான்" என்றார் அக்கா. தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "தினமும் இங்க நிக்கறேன். தினமும் இப்படித்தான் இருக்கு."

முள்ளுக்குள் வெகு உள்ளே, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இல்லாமல் வேறெங்கோ, ஒருவர் இருமினார். அக்கா கண்ணை மூடித் திறந்தார்.